அறியாமற் செய்த வினையும் மருந்துக்கு அடங்காத கிருமியும்

ஒருவர் அறியாமல் செய்த செயலால் பிற உயிருக்குத் தீங்கு நேர்ந்தால் அது அவருடைய வினையாகுமா என்பது இந்தியச் சமயங்கள் நெடுங்காலம் வாதிட்ட கேள்வி. மனத்தின் எண்ணமே வினை என்றது பௌத்தம்; எண்ணம் தூயதாயினும் கவனமின்மையால் விளைந்த தீங்கு செய்தவரையே சேரும் என்றது சமணம். சிதறால் மலையிலும் நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களிலும் தீர்த்தங்கரர் உருவங்களை இன்றும் காக்கும் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இவ்வழக்கு அந்நியமானதன்று.

இக்கேள்விக்கு இன்றைய எடுத்துக்காட்டாக, ஆரல்வாய்மொழிச் செங்கல் சூளையில் உழைக்கும் ஒருவர், ஒரு நாள் கூலி போய்விடக் கூடாதென்று, சளிக்காய்ச்சலுக்கு மருத்துவரைப் பாராமலே மருந்துக்கடையில் நான்கு ஆன்டிபயாடிக் மாத்திரைகளை அட்டையிலிருந்து வெட்டி வாங்கி விழுங்குவதாகக் கொள்ளலாம். சளிக்காய்ச்சல் பெரும்பாலும் வைரசால் வருவதாகையால் மருந்து அதைத் தொடுவதில்லை. குடலில் வாழும் பாக்டீரியாக்களையே கொல்கிறது. அவற்றுள், மரபுப்பொருளில் தற்செயலாக நேர்ந்த மாற்றத்தால் மருந்தைத் தாங்கும் ஆற்றலை முன்பே பெற்றிருந்த சில மட்டும் எஞ்சி, போட்டியின்றிப் பெருகுகின்றன. மருந்து அவ்வாற்றலைக் கற்பிப்பதில்லை, அதைப் பெற்றவற்றைப் பொறுக்கி எடுக்கிறது. இதைவிட அஞ்சத்தக்கது, பிளாஸ்மிட் எனப்படும் சிறு மரபு வளையத்தின் வழியாக அவ்வாற்றல் ஓர் இனக் கிருமியிலிருந்து வேறோர் இனக் கிருமிக்குக் கைமாறுவதாகும். சென்னையிலும் ஹரியானாவிலும் நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளில் பரவியிருந்ததாக 2010இல் வெளியான ஆய்வு காட்டிய என்.டி.எம்-1 என்னும் மரபணு இவ்வாறு கைமாறுவதே. கடைசிப் புகலாக வைத்திருக்கும் கார்பபெனம் மருந்துகளைச் சிதைக்கும் நொதி அதிலிருந்து உண்டாகிறது.

மாத்திரை விழுங்கியவரின் எண்ணத்தில் குற்றமில்லை. எனினும் அதன் விளைவு, அவர் ஒருபோதும் காணாத ஊரில், பிறந்த சில நாளிலேயே இரத்தத்தில் கிருமி கலந்த சிசுவைச் சென்று சேரக்கூடும். திருவிதாங்கூர் அரசு கோட்டை கட்டிக் காத்த ஆரல்வாய்மொழிக் கணவாயால் எந்தக் கிருமியையும் தடுக்க இயலாது. எண்ணத்தை மட்டும் எடைபோடும் அறம் இவ்விடத்தில் போதாது. கண்ணுக்குத் தெரியாத உயிருக்கும் ஊறு நேராதபடி நிலம் பார்த்து அடிவைக்கும் சமணத் துறவியின் விழிப்பே இங்கு வேண்டப்படுகிறது.

ஆனால் அவ்விழிப்பைக் கூலித் தொழிலாளியிடம் மட்டும் எதிர்பார்ப்பது அநீதி. சோதனையின்றி மருந்தெழுதும் மருத்துவர், சீட்டின்றி விற்கும் கடைக்காரர், 2019இல் நடுவண் அரசு தடை செய்யும்வரை தீவனத்தில் கோலிஸ்டின் என்னும் ஆன்டிபயாடிக் கலந்த கோழிப்பண்ணையாளர் ஆகியோர் அறியும் வாய்ப்பு மிகுதியும் உடையவர்கள். ஆகவே அவர்களின் வினையே பெரிது. கடைக்காரரிடம் இவ்விழிப்பைச் சட்டமும் கோருகிறது: மருந்து விதிகளில் 2014 முதல் நடைமுறையிலுள்ள எச்1 அட்டவணையின்படி, அதில் அடங்கிய மருந்தை விற்பவர் மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும்.