அரங்கேறிய பக்தி

இறைவனை நோக்கி இயற்றப்பட்ட ஒரு பாடல், கட்டணம் செலுத்தி வந்தமர்ந்த மனிதர்களின் முன்னிலையில், கைதட்டலுக்கு இடம்விட்டுப் பாடப்படும்போது, அது வழிபாடாகவே நீடிக்கிறதா, அல்லது வழிபாட்டின் சொற்களை மட்டும் சுமந்த கலையாகிவிடுகிறதா என்பது, சென்னையின் மார்கழி இசைவிழாவைச் சுற்றி நெடுங்காலமாக எழுப்பப்பட்டுவரும் கேள்வி. கோயிலைவிட்டு வெளியேறியதால் இசை புனிதத்தை இழந்தது என்பது ஒரு சாராரின் விடை. நாதமே தெய்வம் என்பதால் அது எங்கு ஒலித்தாலும் வழிபாடே என்பது மற்றொரு சாராரின் விடை. முன்னது பக்தியைப் பாடப்படும் இடத்திலும், பின்னது ஒலியின் இயல்பிலும் தேடுகின்றன. கேட்பவரை இரண்டுமே கணக்கில் கொள்வதில்லை. இந்திய மரபின் நூல்களும் கதைகளும் கேட்பவருக்கு அளிக்கும் இடத்தை நோக்கினால், இவ்விழாவை நடத்தும் சபாக்களைப் பற்றிய சமயக் கேள்வியே வேறு வடிவம் கொள்வதைக் காணலாம்.

கோயில் இசையின் அமைப்பை முதலில் நினைவுகூர வேண்டும். உற்சவ மூர்த்தி புறப்படும்போது நாகசுவரத்தில் வாசிக்கப்படும் மல்லாரிக்குச் சொற்கள் இல்லை. பெரும்பாலும் கம்பீரநாட்டை இராகத்தில் அமைந்த அந்த இசை இறைவனின் புறப்பாட்டுக்கு உரியது. வீதியில் நிற்கும் மக்கள் அதைக் கேட்கலாம், கேளாமலும் போகலாம். பெரிய மேளம் எனப்படும் நாகசுவர-தவில் குழுவின் கடமை கேட்போர் எண்ணிக்கையால் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அதாவது, அங்கே இசையைப் பெற்றுக்கொள்பவர் தெய்வம். மனிதர் உடனிருப்பவர் மட்டுமே.

சபா இந்த உறவை மாற்றியது. இசை ஆர்வலர்கள் உறுப்பினராகச் சேர்ந்து, சந்தாவும் நுழைவுச்சீட்டுக் கட்டணமும் கொண்டு கச்சேரிகளையும் கதாகாலட்சேபங்களையும் நடத்தும் அமைப்பே சபா எனப்படுகிறது. திருவல்லிக்கேணியில் 1900-இல் தோன்றிய பார்த்தசாரதி சுவாமி சபா இன்றும் இயங்கும் பழைய சபாக்களுள் ஒன்று. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதனுடன் நடைபெற்ற அகில இந்திய இசை மாநாட்டின் விளைவாக 1928-இல் மியூசிக் அகாதெமி உருவாயிற்று. பின்னர் அதன் ஆண்டு மாநாடு டிசம்பர் மாதத்தில் நிலைபெற்றது. மார்கழியின் புனிதமே இவ்விழாவின் தோற்றுவாய் என்று இன்று பலரும் எண்ணினாலும், டிசம்பர் முதல் பாதி கார்த்திகையைச் சேர்ந்தது என்பதையும், அலுவலகங்களும் நீதிமன்றங்களும் மூடியிருந்த கிறிஸ்துமஸ் விடுமுறை கேட்போரைத் திரட்டுவதற்கு வசதியாக இருந்தது என்பதையும் மறந்துவிட இயலாது. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் வகுத்ததாகக் கருதப்படும் கச்சேரி முறை வர்ணத்தில் தொடங்கி, கிருதிகளையும் இராகம் தானம் பல்லவியையும் கடந்து, மங்களத்தில் முடிகிறது. இதில் விருத்தமும் திருப்புகழும் தேவாரமும் பெரும்பாலும் துக்கடா என்னும் பெயரில், கேட்போரில் ஒரு பகுதியினர் எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகே இடம்பெறுகின்றன என்பது சபாவின் தரவரிசை எதை அளவுகோலாகக் கொண்டது என்பதைத் தெளிவாகவே காட்டுகிறது.

சபா மேடையில் மிகுதியாகப் பாடப்படும் தியாகராஜரிடமே (1767–1847) இச்சிக்கலின் இரு முனைகளும் உள்ளன. தன்யாசி இராகத்தில் அமைந்த ‘சங்கீத ஞானமு’ என்னும் கிருதி, பக்தி இல்லாத இசைப் புலமை நன்னெறிக்குக் கொண்டுசெல்லாது என்று கூறுகிறது. ஆந்தோளிகா இராகக் கிருதியான ‘ராக சுதா ரஸ’ என்பதோ, இராகம் என்னும் அமுதைப் பருகுவதே யாகமும் யோகமும் தரும் பயன்களைத் தரும் என்று உள்ளத்துக்கு அறிவுறுத்துகிறது. முன்னதில் இசை பக்தியின் ஊர்தி. பின்னதில் இசையே சாதனை. பின்னதற்கு முன்னோடியாக யாக்ஞவல்கிய ஸ்மிருதியைக் காட்டலாம். வீணை வாசிப்பின் உண்மையையும் சுருதி, ஜாதி, தாளம் ஆகியவற்றையும் அறிந்தவர் வருந்தாமலே வீடுபேற்றின் வழியை அடைவர் என்று அந்நூல் யோகத்தைப் பற்றிப் பேசும் பகுதியிலேயே குறிப்பிடுகிறது. இசைக்கும் பக்திக்கும் இடையிலான இழுபறியைச் சபா உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததை அது மேடையேற்றியது, அவ்வளவே. இது இந்து சமயத்துக்கு மட்டும் உரிய இழுபறியும் அன்று: திருச்சபையின் பாடல்களைக் கேட்கும்போது பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மை மிகுதியாக உருக்கிய தருணங்களைப் பாவமெனக் கருதி அகுஸ்தீனார் தம் ‘ஒப்புதல்கள்’ நூலில் வருந்தியிருக்கிறார்.

கேட்பவரைப் பற்றி மிகக் கூர்மையாகச் சிந்தித்தவர், பத்தாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் காஷ்மீரத்தில் வாழ்ந்த அபிநவகுப்தர். நாட்டிய சாஸ்திரத்துக்கு அவர் எழுதிய அபிநவபாரதி என்னும் உரையில், ரசம் என்பது பாத்திரத்திடமோ நடிகரிடமோ இருப்பதன்று, ஒத்த உள்ளம் உடைய சஹ்ருதயரிடம் தோன்றும் சுவையுணர்வே அது என்று நிறுவுகிறார். அவ்வுணர்வில் துயரமோ காதலோ ஒரு தனிமனிதருக்கு உரியதாக இல்லாமல் பொதுமையாகிவிடுகிறது. இதையே சாதாரணீகரணம் என்பர். இந்நிலைக்குக் குறுக்கே நிற்கும் தடைகளை அவர் எண்ணிக் கூறும்போது, கேட்பவர் தம் சொந்த இன்பதுன்பங்களில் சிக்கிக் கிடப்பதையும் ஒரு தடையாகச் சொல்லி, அதை நீக்குவதற்காகவே இசையும் அணிசெய்யப்பட்ட அரங்கும் அமைந்துள்ளன என்கிறார். அரங்கு என்பது புனிதத்தை வெளியேற்றும் இடம் என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிடப் பழமையான மறுப்பு கிடைப்பது அரிது: அரங்கின் வேலையே மனிதரைத் தம் ‘நான்’ என்பதிலிருந்து சற்றே விடுவிப்பது. ஆயினும் அபிநவகுப்தர் பக்தியைத் தனி ரசமாக ஏற்கவில்லை, அதைச் சாந்த ரசத்தின் துணையாகவே வைத்தார்; பக்தியே முதன்மையான ரசம் என்ற கொள்கையை விரிவாக எழுப்பியவர் பதினாறாம் நூற்றாண்டின் ரூப கோஸ்வாமி. சுவையுணர்வும் பேரின்ப அனுபவமும் ஒன்றுக்கொன்று நெருங்கியவை, ஆனால் ஒன்றல்ல. ஒன்று நிகழ்ச்சி முடியும் வரை, மற்றது வாழ்வு முழுவதும்.

இந்த நுட்பமான வேறுபாட்டைச் சென்னையின் கலை வாழ்க்கை எதிர்கொண்ட விதத்தைப் பரதநாட்டியத்தைப் பற்றிய விவாதத்தில்தான் தெளிவாகக் காண இயலும். 1936-இல் கலாக்ஷேத்திரத்தின் முன்னோடி அமைப்பைத் தொடங்கிய ருக்மிணி தேவி, தேவதாசி மரபில் வளர்ந்த ஆடலை அரங்குக்குத் தகுந்ததாக்க முனைந்தபோது, சிருங்காரம் என்னும் காதற்சுவையின் உடல் சார்ந்த வெளிப்பாடுகளைக் குறைத்துப் பக்தியை முன்னிறுத்தினார். வீணை தனம்மாளின் பேத்தியும் அம்மரபின் நேரடி வாரிசுமான பாலசரஸ்வதி இதை ஏற்கவில்லை. 1975-இல் தமிழ் இசைச் சங்க மாநாட்டில் ஆற்றிய தலைமையுரையில், ஆடல் நிகழ்ச்சியின் வரிசையை ஒரு கோயிலுக்குள் நுழைவதாக அவர் விளக்கினார்: அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரம் அர்த்த மண்டபம், அவற்றைக் கடந்து வர்ணத்தில் கருவறை. பரதநாட்டியம் இயல்பிலேயே தெய்வத்தன்மை உடையது, அதைப் புதிதாகத் தூய்மைப்படுத்த எதுவும் இல்லை என்பது அவர் நிலைப்பாடு. சமயக் கண்ணோட்டத்தில் பார்த்தால் பாலசரஸ்வதியின் நிலையே வலுவானது என்று கொள்ள வேண்டும். நம்மாழ்வாரும் ஆண்டாளும் மாணிக்கவாசகரும் காதலின் மொழியிலேயே இறைவனை அழைத்தவர்கள். அம்மொழியிலிருந்து உடலை நீக்கிவிட்டு எஞ்சுவதைப் பக்தி என்று பெயரிட்டது, இருபதாம் நூற்றாண்டு நடுத்தர வர்க்கத்தின் கூச்சமே அன்றி ஆழ்வார்களின் கொள்கை அன்று. பாலசரஸ்வதிக்குக் கோயில் என்பது மேடைக்குக் கொண்டுவர வேண்டிய அலங்காரம் அன்று, நிகழ்ச்சியின் உள்ளமைப்பு. அக்கோயிலுக்குள் நடந்து செல்பவர்களுள் ஆடுபவரைப் போலவே காண்பவரும் ஒருவர்.

காண்பவரையும் கேட்பவரையும் இவ்வாறு உள்ளே கொண்டுவருவது பக்தி நூல்களுக்குப் புதிதன்று. பாகவத புராணத்தில் பிரகலாதன் எண்ணிக் கூறும் ஒன்பது வகைப் பக்தியில் சிரவணம் என்னும் கேட்டலே முதலாவது. பாடுதலாகிய கீர்த்தனம் அதற்கு அடுத்தே வருகிறது. அப்புராணம் முழுவதுமே, ஏழு நாளில் இறக்கப்போவதை அறிந்த பரீட்சித்து மன்னன், சுகர் சொல்லக் கேட்டு விடுதலை பெற்றதாகக் கூறப்படும் ஒரு சொற்பொழிவு. சென்னையின் மாலைப் பொழுதுகளை இசைக்கு நிகராக நிரப்பிய உபந்நியாசமும் ஹரிகதையும் சமயச் சொற்பொழிவும் இந்த அடிப்படையில்தான் நிற்கின்றன. கிருபானந்த வாரியார் (1906–1993) கந்தபுராணத்தைச் சொன்னபோது கூடிய மக்கள் தகவல் அறிய வந்தவர்கள் அல்லர். கதை அவர்களுக்கு முன்பே தெரியும். தெரிந்ததையே மீண்டும் கேட்பதில் நிகழும் ஒன்றுக்காகவே அவர்கள் வந்தனர். இவ்வாறு கூடிக் கேட்பதற்குப் பழைய தமிழ்ச் சான்றும் உண்டு: மணிமேகலையின் விழாவறை காதையில், இந்திர விழா தொடங்கும் புகார் நகரில், அறவுரை கூறுவோர் பந்தர்களிலும் பொதுவிடங்களிலும் அமருமாறும், பல்வேறு சமய வாதிகள் பட்டிமண்டபம் ஏறுமாறும் முரசறைந்து அறிவிக்கப்படுகிறது. இன்றைய பட்டிமன்றம் அப்பெயரைத் தொடர்ந்தாலும் அக்கடுமையைத் தொடரவில்லை. கம்பனின் பாத்திரங்களுள் சிறந்தவர் யார் என்று வாதிடும் மேடையில், கடவுள் உண்டா என்று பௌத்தரும் சைவரும் எதிரெதிர் நின்று வாதிடுவதை எவரும் எதிர்பார்ப்பதில்லை.

கேட்டலே பக்தி என்றால், விளங்காத மொழியில் கேட்பது எவ்வகைப் பக்தி என்ற கேள்வி உடனே எழும். ராஜா அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியில் 1943-இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியபோது, தெலுங்குக் கிருதிகளின் ஆதிக்கத்துக்கு எதிரான வாதம் பெரும்பாலும் மொழியுரிமையின் பெயரால் வைக்கப்பட்டது. அதே வாதத்தைச் சமயத்தின் பெயரால் வைத்திருந்தால் மறுப்பது இன்னும் கடினமாக இருந்திருக்கும்: பக்தி இல்லாத இசை நன்னெறி ஆகாது என்று தியாகராஜர் சொல்வதே புரியாமல் அவர் பாடலுக்குத் தலையசைக்கும் கேட்பவர், ‘ராக சுதா ரஸ’ காட்டும் வழியை மட்டுமே நம்பியிருக்க வேண்டியவர் ஆகிறார். அவ்வழி போதாது என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அது ஒன்றே போதுமென்றால் சாகித்தியத்தை எழுதும் வேலை தியாகராஜருக்கு எதற்கு?

கட்டணம் பற்றிய ஐயத்துக்குத் திருக்குறுங்குடியின் கைசிக புராணக் கதை விடை தருகிறது. பாணர் குலத்தவரான நம்பாடுவான், கோயிலுக்குள் நுழைய அனுமதியில்லாமல் வெளியே நின்று பாடிவந்தவர். ஏகாதசி இரவில் பாடச் செல்லும்போது ஒரு பிரம்மராட்சசனிடம் அகப்பட்டு, பாடிமுடித்ததும் திரும்பிவந்து உணவாவதாகச் சூளுரைத்துச் சென்று, சொன்னபடியே திரும்புகிறார். அவர் பாடிய பாட்டின் பயனைத் தந்தால் விட்டுவிடுவதாக ராட்சசன் பேரம் பேசும்போது, உயிரைத் தருகிறேன், பயனைத் தரமாட்டேன் என்று மறுத்து, இறுதியில் அவன் சரணடைந்து இரந்த பிறகே கைசிகப் பண்ணில் பாடிய ஒரு பாட்டின் பயனை வழங்குகிறார்; வேள்வியில் பிழைசெய்து அப்பிறவி அடைந்த ராட்சசன் விடுதலை பெறுகிறான். பாட்டின் பயன் பாடியவரைவிட்டுப் பெயர்ந்து, தகுதியே இல்லாத ஒருவனைச் சேரக்கூடும் என்பதும், ஆனால் அது விலைக்குப் பெயராது என்பதும் இக்கதையின் இறையியல். அவ்வாறாயின் நுழைவுச்சீட்டு வாங்கித்தருவது நாற்காலியை மட்டுமே. அதற்கு அப்பால் கிடைப்பதும் கிடைக்காததும் வேறு கணக்கைச் சேர்ந்தவை.

நம்பாடுவான் இறைவனைக் காண்பதற்காக அக்கோயிலின் கொடிமரமே விலகி நின்றதாக ஊர் மரபு கூறுகிறது. கோயில் நுழைவை எல்லாச் சாதியினருக்கும் உறுதிசெய்த சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் வந்தது; அதற்கு முன்பே, சீட்டு வாங்கியவரை உள்ளே விடுவதாகத் தோன்றிய சபா, தெய்வப் பாடல்களுக்குச் சாதி கேளாத ஒரு வாசலைக் கொள்கையளவிலேனும் அமைத்திருந்தது. நடைமுறையில் அவ்வாசலின் வழியே வந்தவர்களும் மேடையில் அமர்ந்தவர்களும் பெரும்பாலும் ஒரே சமூகத்தினராகச் சுருங்கியதும், பல தலைமுறையாக இவ்விசையைக் காத்த இசைவேளாளர்களின் நாகசுவரம் விழாத் தொடக்கத்து மங்கல இசையாக ஒதுக்கப்பட்டதும், சபாக்களின் மீதான சமய அடிப்படையிலான குற்றச்சாட்டாகவே கருதப்பட வேண்டியவை. பாடகர் நம்பிக்கையோடு பாடினாரா என்பதைவிட இவை கனமானவை. 2015 முதல் பெசன்ட் நகரை அடுத்த மீனவர் குடியிருப்பில் நடத்தப்பட்ட ஊரூர் ஆல்காட் குப்பம் விழா, கர்நாடக இசையையும் பறையையும் கட்டணமின்றி ஒரே நிகழ்வில் வைத்தபோது, அதை நடத்தியவர்கள் சமத்துவத்தின் மொழியில்தான் பேசினார்கள். ஆயினும் வாசலுக்கு வெளியே நின்றவரின் பாட்டுக்கே பயனை மாற்றித்தரும் ஆற்றலை அளித்த வைணவக் கதைக்கு, அருகிலுள்ள எந்தச் சபாவையும்விட அக்குப்பத்து மேடை நெருக்கமாக இருந்தது.