வேட்டைநாயும் பிள்ளையன்பும்

அன்பு தானே அறமாகுமோ? அன்றி, அது எதனைப் பற்றுகின்றது, எச்செயலுக்குத் துணைநிற்கின்றது என்பவற்றை நோக்கியே அதனை அறமென்றும் மறமென்றும் வகுத்தல் வேண்டுமோ? காட்டோரத்துப் பள்ளிகளிலே கற்பிக்கும் நம் சைவாசிரியர்களுக்கு இஃது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. வேட்டைநாயைத் தோழனாகக் கொண்டு வளரும் பிள்ளை அவர்கள்முன் வந்து அமருங்கால், இவ்வினாவும் அவனோடு கூடவே வந்து அமருகின்றது. ஆதலின் இதனை அப்பிள்ளைமேல் வைத்து ஈண்டு ஆராய்வாம்.

புத்தளம் மாவட்டத்தின் வடபாலிலே, கலா ஓயா கடற்கழியை அணுகும் இடத்திற்கு அணித்தாய், புத்தளத்திலிருந்து மன்னாருக்குச் செல்லும் பழைய காட்டுவழியிலே எலுவன்குளம் என்னும் ஊர் உளது. ஆற்றைக் கடந்தால் வில்பத்துக் காடு. அக்காடு 1905இல் விலங்குகளுக்குரிய காப்பிடமாகவும், 1938இல் தேசிய வனமாகவும் ஆக்கப்பட்டது. அதனுள்ளே சிறுத்தையும் கரடியும் யானையும் மரையும் புள்ளிமானும் காட்டுப்பன்றியும் வாழுகின்றன. அதனெல்லைக்குள் வேட்டையாடுதல் சட்டத்தால் விலக்கப்பட்டது. ஆயினும் விலங்குகள் எல்லையை அறியா. இரவிலே பன்றி வந்து பயிரைக் கிளறும். யானை வந்து வேலியை முறிக்கும். இத்தகைய ஊர்களிலே நாயில்லாத வீடு கதவில்லாத வீட்டை ஒக்கும்.

நாய்க்கும் மனிதர் குடியிருப்புக்கும் உள்ள தொடர்பு இக்கரையிலே மிகப் பழையது. விசயனும் அவன் தோழரும் தம்பபண்ணியிலே வந்திறங்கியபொழுது, இயக்கி ஒருத்தி பெண்ணாயின் வடிவங்கொண்டு அவர்முன் வந்தனள் என்றும், ஊருள்ள இடத்திலேயே நாயுண்டு எனக் கருதி ஒருவன் அதன்பின்னே சென்றான் என்றும் மகாவமிசம் கூறும். அவ்விடம் எலுவன்குளத்திற்கு வடக்கே கடலோரத்திலுள்ள குதிரைமலைப் பக்கமே என்று கொள்வாருமுளர். கதை எவ்வாறாயினும், நாயைக் கண்டால் மனிதன் வாழும் இடம் அணித்தே என்னும் எண்ணம் அக்காலத்தார்க்கே இருந்தமை இதனால் விளங்கும்.

இத்தகைய ஊரிற் பிறந்த பிள்ளை நாயோடே தவழுகின்றான். தன் கவளத்தில் ஒரு பங்கை அதற்கிடுகின்றான். எக்குரைப்பு உடும்பைக் கண்டது, எக்குரைப்புப் பன்றியைக் கண்டது என்று எழுத்தறியுமுன்னே அறிந்துகொள்ளுகின்றான். பன்றியின் கோரைப்பல்லாற் கிழியுண்டு நாய் மீண்டு வருமாயின், மஞ்சளரைத்துப் பூசி இரவெல்லாம் அதனருகே இருக்கின்றான். இது மெய்யான அன்பேயாம். இதனை அன்பன்றென்பார் அன்பின் இயல்பை அறியாதாரேயாவர். ஆனால் அந்நாய் பல்லாற் பற்றிக் கிழிக்கும் உடும்பின்பொருட்டு அப்பிள்ளையின் கண்ணில் ஒரு துளி நீரும் வருவதில்லை. ஓருயிர்மேற் சென்ற அன்பே மற்றோருயிரைக் கொல்லுதற்குத் துணையாயிற்று. ஈண்டுள்ள இடர்ப்பாடு இதுவேயாம்.

திருவள்ளுவர் அன்புடைமை அதிகாரத்திலே, அன்பு அறத்திற்கு மாத்திரமன்றி மறத்திற்கும் துணையாம் என்னும் பொருள்பட ஒரு குறள் அருளினார். மறச்செயலின்கண்ணும் அன்பு உடனிற்கும் என்று அதற்கு நேரே பொருள்கொள்ளலாம். பரிமேலழகரோ, உள்ளத்திலெழும் மறத்தை நீக்குதற்கும் அன்பே துணையாம் என்று உரைத்தார். எலுவன்குளத்துப் பிள்ளையினிடத்தே இவ்விரு பொருளும் ஒருங்கு பொருந்துகின்றன. இன்று அவனன்பு வேட்டைக்குத் துணையாய் நிற்கின்றது. அதுவே நாளை வேட்டையை நீக்குதற்குத் துணையாதலுங் கூடும். முன்னதிலிருந்து பின்னதற்கு அவனை அழைத்துச் செல்லுதல் ஆசிரியர் கடன்.

அன்பு தானே விரிந்துகொள்ளும், ஆசிரியர் வேண்டா என்பாரும் உளர். அது பொருந்தாது. சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே நுவரெலியாவிலே தங்கி, நாய்க்கூட்டங் கொண்டு மரைகளைத் துரத்தி வேட்டையாடி, அதனைப் பற்றி ஒரு பெருநூலும் எழுதினார். தம் நாய்களை ஒவ்வொன்றாகப் பெயர் கூறிப் புகழ்ந்தார். அவை பட்ட காயங்களையும் இறப்பையும் மனமுருகி எழுதினார். அவர் பசிக்காக வேட்டையாடினாரல்லர்; விளையாட்டாகவே ஆடினார். கற்றவர், செல்வர், நாயிடத்து உருகும் நெஞ்சமுமுடையர். ஆயினும் அவ்வுருக்கம் நாயிலிருந்து மரைக்குச் செல்லவில்லை. அன்பு தன்னெல்லையைத் தானே கடவாது என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டா.

இனி, கொல்லாமையைக் கற்பிக்கப் புகும் ஆசிரியரை நோக்கி அப்பிள்ளை வினவுதற்குரிய வினாவொன்றுளது. "ஐயா, கண்ணப்பநாயனாரும் நாய்களோடு சென்று வேட்டையாடினவரன்றோ? அவரை வணங்குகின்றோம். என் தகப்பனார் வேட்டையாடுவது மாத்திரம் எப்படிப் பாவமாகும்?" இதனைக் கேட்டுச் சினந்து பிள்ளையை இருத்திவிடுதல் எளிது, அவர் நிலை வேறு, நம் நிலை வேறு என்று சொல்லிக் கடந்துபோதல் அதனினும் எளிது. இரண்டும் ஆசிரியர்க்கு அழகல்ல. சேக்கிழார் பெருமானிடத்திலேயே இதற்கு விடையுளது.

பொத்தப்பிநாட்டு உடுப்பூரிலே, வளைந்த செவியையுடைய வேட்டைநாய்களைப் பிணித்த விளாமரங்களும் வார்வலைகளும் நிறைந்த வேட்டுவர் குடியிருப்பிலே, நாகனுக்கும் தத்தைக்கும் மகவாய்த் தோன்றினவர் திண்ணனார். அவர்தம் பிள்ளைப்பருவத்தைச் சேக்கிழார் ஒன்றையும் மறையாது கூறுகின்றார். நாய்களைப் பிணித்த கயிற்றைப் பற்றி அறுத்து விளையாடினார் என்கின்றார். முயற்குட்டியையும் பன்றிக்குட்டியையும் புலிக்குட்டியையும் செந்நாய்க்குட்டியையும் ஓடித் துரத்திப் பிடித்து, முற்றத்துத் தறியிலே கட்டி வளர்த்தார் என்கின்றார். பிள்ளையன்பின் இயல்பு இதுவேயாம்: விரும்பியதைப் பிடிக்கும்; பிடித்ததைக் கட்டும். அவ்வன்பிலே அன்பும் உண்டு, ஆணவமும் உண்டு.

பதினாறாண்டு நிரம்பிய திண்ணனார் முதல் வேட்டைக்குச் சென்றதனைக் கூறுமிடத்தே, சேக்கிழார் இரண்டு செய்திகளை வைத்தார். யானைக்கன்றை அவ்வேட்டுவர் தொடர்ந்திலர், சிறு குட்டிகளைக் கொன்றிலர், கருவுற்றுத் தளர்ந்த பிணைகளை அலைத்திலர் என்பது ஒன்று. கொலைத்தொழிலிலே நின்றாருள்ளும் அருளின் வித்து அழியாதிருந்தது என்பதனை இஃது உணர்த்தும். மற்றையது இதனினும் ஆழமுடைத்து. வலையைக் கிழித்துத் தப்பியோடும் விலங்குகளை முன்னோடித் தடுத்துப் பற்றும் நாய்களுக்கு உவமை கூறப் புகுந்தவர், இருவினையாகிய வலையினின்று நீங்கி நன்னெறி சேர முயலும் மனத்தை இடைநின்று தடுக்கும் ஐம்பொறிகளை உவமையாக்கினார். வேட்டையின் ஆரவாரத்தினிடையே அவர் தப்பியோடும் விலங்கின் பக்கம் நின்று நோக்கினார் என்பது இதனாற் பெறப்படும். துரத்தப்படும் மான் யார்? பிறவிக்காட்டில் ஓடும் நாமே. இதனை எடுத்துச்சொன்னால், நாயின் பின்னே ஓடிய பிள்ளை ஒருகணம் மானின் முன்னே நின்று பார்ப்பான்.

அதன்பின் திண்ணனார் செய்ததென்ன? திருக்காளத்தியிலே குடுமித்தேவரைக் கண்டமாத்திரத்தில் வேட்டைக்கூட்டத்தை மறந்தார். தந்தையும் தேவராட்டியும் வந்து அழைத்தும் மீண்டாரில்லை. இறைவர் தனித்திருக்கின்றாரே, விலங்குகளால் ஏதம் வருமே என்றஞ்சி, இரவு முழுதும் வில்லேந்திக் கண்ணுறங்காது காவல் நின்றார். உடுப்பூரிலே வீட்டுவாயிலிற் கிடந்து காத்த நாய்களிடத்து எந்த விசுவாசத்தைக் கண்டு வளர்ந்தாரோ, அந்த விசுவாசமே தலைவனை மாற்றிக்கொண்டு காளத்தியப்பரின் வாயிலிலே விழித்து நின்றது என்று நாம் கொள்ளுகின்றோம். இறைவருக்கு ஊனைப் படைத்தாரே எனின், தாம் அறிந்தவற்றுட் சிறந்ததனைப் படைத்தார். ஆறாம் நாளிலே தம் கண்ணையே இடந்து அப்பினார். பிறவுயிரின் ஊனிலே தொடங்கிய அன்பு தன்னூனைக் கொடுத்தலிலே முடிந்தது. ஆதலின் கண்ணப்பர் வரலாறு வேட்டைக்கு அரணாகாது, வேட்டுவனையும் கைவிடாது. முன்னதை மாத்திரம் சொல்லும் ஆசிரியர் பிள்ளையின் தந்தையை இகழ்ந்தவராவர். பின்னதை மாத்திரம் சொல்லுவார் அறத்தைக் கைவிட்டவராவர்.

இதற்குச் சித்தாந்தம் காட்டும் காரணம் யாது? உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது. நாயின் உயிரும் அத்தகையதே. அது வேட்டைக்காரனைச் சார்ந்தால் வேட்டையாடும்; குருடனைச் சார்ந்தால் வழிகாட்டும்; கிடையைச் சார்ந்தால் ஆட்டைக் காக்கும். அதன் விசுவாசம் மூன்றிடத்தும் ஒன்றே. ஏவுவோன் கருத்தே வேறு. ஆகவே, நாய் கொன்றது என்று சொல்லி ஏவினவன் கைகழுவுதல் ஆகாது. எவ்வளவுக்கு நாய் சொன்னபடி கேட்குமோ அவ்வளவுக்கு அதன் செயல் தலைவன்மேலதேயாம். மறுத்தலறியாத ஒருயிரை ஆளுதல் பெரும்பொறுப்பு. நாயை நேசிக்கும் பிள்ளைக்கு இதனை உணர்த்தல் அரிதன்று. "உன்னாய் நல்லதா, கெட்டதா?" என்று வினவினால், "நல்லது" என்றே கூறுவான். "அந்நல்ல நாயை நீ எச்செயலுக்கு ஏவப்போகின்றாய்?" என்று அடுத்து வினவுதலே பாடம்.

பாரதத்திலும் இதற்குத் துணையுண்டு. இதே மாவட்டத்து உடப்பிலே திரௌபதையம்மன் கோயில் தீமிதி விழாவாற் பெயர்பெற்று விளங்குதலின், பாரதக்கதை இப்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புதியதன்று. அவ்விதிகாசத்தின் தொடக்கத்திலே, வேள்விக்களத்திலே குற்றஞ்செய்யாத நாய்க்குட்டி ஒன்றைச் சனமேசயன் தம்பியர் அடித்தனர். அதன் தாயாகிய சரமை வந்து, என் பிள்ளை செய்த பிழை யாது என்று நீதி கேட்டது. விடைகூற அவர்களால் இயலவில்லை. முடிவிலோ, தருமர் தம்மைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுத் துறக்கம் புகுதற்கு உடன்பட்டிலர். அந்நாய் அவருக்கு வேட்டையாடிக் கொடுத்ததன்று, யாதொரு பயனும் செய்ததன்று, உடன்வந்தது, அவ்வளவே. பயன்பட்ட நாயை நேசித்தல் யார்க்கும் எளிது. கால்முறிந்து, பல்லுதிர்ந்து, வேட்டைக்கு உதவாது வாயிலிற் கிடக்கும் கிழநாய்க்கு யார் சோறிடுகின்றார் என்பதே அன்பின் உரைகல். வேட்டையன்பு பெரும்பாலும் இவ்வுரைகல்லிலே மாற்றுக் குறைகின்றது.

இனி, ஆசிரியர்கள் கைக்கொள்ளத்தக்கன சில கூறுதும். வீட்டின் வறுமையை அறியாது தந்தையின் தொழிலைப் பிள்ளைமுன் பழித்தலாகாது. தகப்பனைப் பாவியென்று சொல்லிக் கற்பித்த அறம் பிள்ளையின் நெஞ்சிலே வேரூன்றாது. ஊன்றினும் பெற்றோரை வெறுக்கும் மரமாய் வளரும். மாணாக்கரை நாயென்று வைதலும் ஆகாது. மாணிக்கவாசக சுவாமிகள் தம்மையே நாயென்று சொல்லிக்கொண்டார். பிறரை அச்சொல்லாற் சுட்டுதற்கு அன்று. நாவலரவர்கள் நான்காம் பாலபாடத்திலே கொலை, புலாலுண்ணல் ஆகியவற்றைத் தனித்தனியே விளக்கினார்கள். அவற்றைப் படிப்பிக்குமுன், பிள்ளை தானறிந்த நாயைப்பற்றித் தானே சொல்லும்படி விடுதல் நலம். அது நோவுற்றபோது எவ்வாறு முனகிற்று என்று அவன் சொல்வான். பன்றியும் அவ்வாறே முனகுமோ என்று மெல்ல வினவலாம். விடையை அவனிடமே விட்டுவிடுக.

அன்றியும், நாயை விடு என்று சொல்லவேண்டியதில்லை. வேட்டையினின்று காவலுக்கு அதனை மாற்று என்றே சொல்லவேண்டும். பயிரை அழிக்க வரும் விலங்கைக் குரைத்து ஓட்டும் நாய் உழவனையும் காக்கின்றது, விலங்கையும் சாவினின்று காக்கின்றது. நம் கோயில்களிலே வைரவக்கடவுளின் வாகனமாய் நாய் நிற்பதும் காவற்றெய்வத்தின் பக்கத்திலேயாம். அக்கடவுளை வணங்கும் பிள்ளைக்குத் தன்னாயும் அக்காவலில் ஒரு பங்குடையது என்று சொன்னால், அவனுள்ளம் மகிழ்ந்து ஏற்கும்.

வினாவுக்கு வருவாம். அன்பு தானே அறமன்று; அறத்தின் வித்து. வித்தைப் பழித்தால் விளைவில்லை. வித்தே விளைவென்று இருந்துவிட்டாலும் விளைவில்லை. நாயினிடத்துச் சுரந்த அன்பை நாயளவில் நிறுத்திவிடாது, அது துரத்தும் உயிர்க்கும், அதனை ஏவும் தன்னுள்ளத்திற்கும், எல்லாவுயிர்க்கும் தலைவனாகிய சிவபெருமானுக்கும் படிப்படியே கொண்டுசெல்லுதல் சைவாசிரியர் செய்யத்தக்க உழவாம். காட்டோரத்துப் பள்ளியிலே அதற்கு நிலம் பண்பட்டே கிடக்கின்றது. பிள்ளை அன்புசெய்யக் கற்று வந்துவிட்டான்; அவ்வன்பு இன்னும் போகவேண்டிய தூரத்தைக் காட்டுதலே நமக்கு எஞ்சிய பணி.