விரலுக்கேற்ற வீக்கம்

2022 மே மாதம் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து சீசன் முடிந்தபோது எவர்ட்டன் அணியிடம் 39 புள்ளிகள் இருந்தன. பர்ன்லியிடம் 35. பட்டியலின் கடைசி மூன்று அணிகள் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியாக வேண்டும். பர்ன்லி இறங்கியது. ஒன்றரை ஆண்டு கழித்து, 2023 நவம்பரில், சுயாதீன ஆணையம் ஒன்று எவர்ட்டனின் கணக்கைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னது. 2021-22 சீசனோடு முடிந்த கணக்குக் காலத்தில் அந்தக் கிளப்பின் நஷ்டம் 12.45 கோடி பவுண்டு. விதி அனுமதிப்பது 10.5 கோடி, ஆகவே 10 புள்ளி பறிபோகும். மேல்முறையீட்டில் அந்தப் பத்து ஆறாகக் குறைந்தது. 39-இல் 6 போனால் 33. அந்தத் தண்டனை அந்தக் கோடையிலேயே வந்திருந்தால் பர்ன்லி தப்பியிருக்கும்.

தண்டனை இறங்கியதோ 2023-24 சீசனில். வேறொரு கணக்குக் காலத்துக்காக எவர்ட்டன் மேலும் 2 புள்ளி இழந்தது. எட்டையும் கழித்த பிறகும் 40 புள்ளியோடு 15-ஆம் இடத்தில் நிம்மதியாக நின்றது. அந்த ஆண்டு கீழே இறங்கிய மூன்று அணிகளில் ஒன்று, இடையில் ஒருமுறை மேலேறி வந்திருந்த அதே பர்ன்லி. தவறு நடந்ததாகத் தீர்ப்பு உண்டு, தண்டனையும் உண்டு. ஆனால் தண்டனை யாருக்கும் எதையும் மீட்டுத் தரவில்லை. புள்ளிக் குறைப்பு நியாயமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எவர்ட்டன் ரசிகனின் வலியிலிருந்து தொடங்குகிறார்கள். பர்ன்லி ரசிகனிடமிருந்து தொடங்கினால் கேள்வியே வேறு மாதிரி தெரியும்.

லாபம் மற்றும் நிலைத்தன்மை விதிகள் என்ற பெயரில் 2013-இல் வந்த ஏற்பாடு இது. மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு கிளப்பின் நஷ்டம் 10.5 கோடி பவுண்டைத் தாண்டக் கூடாது. அதிலும் 9 கோடியை முதலாளி தன் கையிலிருந்து பங்கு முதலீடாகப் போட்டு ஈடுகட்ட வேண்டும். மைதானம், இளையோர் பயிற்சி, பெண்கள் அணி, ஊர்ப்பணி ஆகியவற்றுக்கான செலவுகள் கணக்கில் சேராது. கீழ்ப்பிரிவில் கழித்த ஆண்டுகளுக்கு வரம்பு இன்னும் குறைவு. சுருக்கமாகச் சொன்னால் விரலுக்கேற்ற வீக்கம். இதில் என்ன தவறு இருக்க முடியும் என்று தோன்றும். விரலை அளந்தது யார், எப்போது அளந்தார்கள் என்று கேட்கும்வரை அப்படித்தான் தோன்றும்.

முதலில் விதியின் பக்கம் நிற்போம். தன் பணத்தைத் தான் செலவழிக்கும் ஒருவனை ஊர் ஏன் தடுக்க வேண்டும் என்பது மேலோட்டமான கேள்வி. கால்பந்தில் செலவழிப்பவன் ஒருவன், சுமப்பவன் இன்னொருவன். போர்ட்ஸ்மத் 2008-இல் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. 2010 பிப்ரவரியில் மஞ்சள் கடிதாசு நீட்டியது. பிரீமியர் லீக்கில் இருந்துகொண்டே திவால் நிர்வாகத்துக்குள் போன முதல் கிளப் என்ற பெயரும் வாங்கியது. கடன்காரர்களின் பட்டியலில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் இருந்தது. மைதானத்தில் மயங்கி விழுந்தவனுக்கு முதலுதவி செய்ய வரும் தொண்டு நிறுவனம் அது. கால்பந்து உலகில் ஒரு பழைய வழக்கம் உண்டு: கிளப் நொடித்தால் மற்றக் கிளப்புகளுக்கும் வீரர்களுக்கும் தரவேண்டிய பாக்கி முழுதாகத் தீர வேண்டும், மிஞ்சியதில்தான் மளிகைக்காரனும் அச்சகக்காரனும் அரசின் வரித்துறையும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். வரித்துறை இதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போய் 2012-இல் தோற்றது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பரிமாறும் பந்தி இது. இப்படிப்பட்ட பந்திக்கு ஒரு வரம்பு வேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

பெரி என்ற கிளப்பின் கதை இன்னும் கொடிது. 1885-இல் பிறந்து, இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பை வென்ற கிளப். 2018 டிசம்பரில் அது கைமாறிய விலை ஒரே ஒரு பவுண்டு. அடுத்த கோடையில் மேல்பிரிவுக்கு ஏறும் தகுதி பெற்றது; ஆனால் கடனைத் தீர்க்கவும் சீசனை நடத்தவும் பணம் இருக்கிறது என்று காட்ட முடியாமல் 2019 ஆகஸ்ட் 27 அன்று கீழ்ப்பிரிவுகளின் லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டது. ஒரு சிறு நகரம் சனிக்கிழமை மாலைகளில் போவதற்கு இடமில்லாமல் நின்றது. நிதி விதிகளின் அறம் இங்கே இருக்கிறது. முதலாளி வருவான், போவான். கிளப் ஊரின் சொத்து. அதைப் பந்தயத்தில் வைத்து ஆட அவனுக்கு உரிமை இல்லை.

ஆனால் பிரீமியர் லீக்கின் வரம்பு இந்த அறத்தைத்தான் காக்கிறதா? கடன் வாங்கிக் கிளப்பின் தலையில் கட்டுவது ஒன்று. முதலாளி திரும்பக் கேட்காத பணத்தைக் கொண்டுவந்து கொட்டுவது இன்னொன்று. முதலாவது கிளப்பை அழிக்கும். இரண்டாவது, அந்த ஆள் சலித்துப்போய்க் கிளம்பும் நாளில்தான் ஆபத்து. அதற்கு முன்கூட்டியே ஈட்டுப்பணம் கட்டச் சொன்னால் போதும். இப்போதைய விதி முதலாளியின் பணத்தை வேண்டும் என்கிறது. அந்தப் பணம் எவ்வளவு தாராளமாக வந்தாலும் அதே 10.5 கோடிக்குள் அடங்கு என்றும் சொல்கிறது. அந்த இடத்தில் அது பாதுகாப்பு விதி என்ற நிலையிலிருந்து நழுவிப் போட்டி விதியாகிவிடுகிறது. போட்டி விதி என்றால் அதற்கு வேறு நியாயம் காட்ட வேண்டும்: எல்லோருக்கும் களம் சமமாகிறதா என்று.

ஆகவில்லை. செல்சி 2003-இல் ரஷ்யக் கோடீஸ்வரர் அப்ரமோவிச் கைக்குப் போனது. மான்செஸ்டர் சிட்டி 2008-இல் அபுதாபி கைக்குப் போனது. அந்த நாள்களில் இந்த விதி இல்லை. வாங்கினார்கள், வென்றார்கள், வென்றதால் விளம்பரமும் ஒளிபரப்புப் பணமும் பெருகின, விரல் தடித்தது. 2023-24-இல் சிட்டியின் ஆண்டு வருமானம் 71.5 கோடி பவுண்டு. 2021-இல் சவூதி அரசின் முதலீட்டு நிதியம் நியூகாசிலை வாங்கியபோது, உலகின் பெரும் பணப்பெட்டிகளில் ஒன்று கைக்குக் கிடைத்தும் திறக்க முடியவில்லை. சவூதி அரசுக்காக இங்கே யாரும் கண்ணீர் விடத் தேவையில்லை. கால்பந்தை வைத்து முகம் கழுவப் பார்க்கும் அரசுகளைப் பற்றிப் பேச வேண்டியது தனியே இருக்கிறது. ஆனால் அதே பூட்டு, கீழிருந்து ஏறி வரும் ஒவ்வொரு கிளப்புக்கும் விழுகிறது. வருமானம் வளர வெற்றி வேண்டும். வெற்றிக்கு ஆள் வேண்டும். ஆள் எடுக்க முதலில் வருமானம் வேண்டும் என்கிறது விதி. வீரர்களின் விலை எங்கோ போய்விட்ட பிறகும் அந்த 10.5 கோடி ஆண்டுக்கணக்கில் அசையாமல் நின்றது.

நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் வழக்கு இதைத் துலக்கமாகக் காட்டும். 2022-இல் மேலேறி வந்த கிளப். அதற்கான வரம்பு 6.1 கோடிதான். தாண்டியது 3.45 கோடி. தங்கள் பள்ளியிலேயே வளர்ந்த பிரென்னன் ஜான்சனை விற்றிருந்தால் பெரும்பகுதி சரியாகியிருக்கும். விற்கவும் செய்தார்கள், டாட்டன்ஹாமுக்கு 4.75 கோடி பவுண்டுக்கு. ஆனால் விற்றது 2023 செப்டம்பர் 1 அன்று. கணக்கு முடியும் நாள் ஜூன் 30. நம்மூரில் மார்ச் 31 நெருங்கும்போது கடைகளில் நடக்கும் பரபரப்பை அறிந்தவர்களுக்கு இது புரியும். ஜூனில் அவசரப்பட்டால் அடிமாட்டு விலைதான் கிடைக்கும், இரண்டு மாதம் பொறுத்ததால்தான் நல்ல விலை வந்தது, நிலைத்தன்மை என்றால் அதுதானே என்பது ஃபாரஸ்டின் வாதம். ஆணையம் ஏற்கவில்லை. 6 புள்ளி தகும். தவறை ஒப்புக்கொண்டு ஒத்துழைத்ததற்காக 2 தள்ளுபடி. ஆக 4 புள்ளி என்று 2024 மார்ச்சில் முடிவானது. ஃபாரஸ்டின் வாதத்தில் வணிகம் தெரிந்தவனின் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே ஜூன் 30-க்குள் மனமில்லாமல் ஆளை விற்றுக் கணக்கை நேர்செய்த கிளப்புகள் முன்னால் நிற்கும்போது அந்த வாதத்தை ஏற்க முடியாது. ஆணையம் செய்தது சரி.

மனமில்லாமல் விற்பதைப் பற்றியும் ஒரு சொல். ஒரு வீரனை 5 கோடிக்கு வாங்கி ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டால், கணக்கில் ஆண்டுக்கு 1 கோடிதான் செலவாக ஏறும். ஆனால் சிறுவயதிலிருந்து தன் பள்ளியில் வளர்ந்த பையனை விற்றால், வாங்கிய விலை என்று ஒன்று இல்லாததால், வந்த தொகை முழுதும் அன்றே லாபம். எனவே வரம்பு நெருக்கும்போது முதலில் விலைப்பலகை மாட்டப்படுவது உள்ளூர்ப் பையனின் கழுத்தில். 2024 ஜூன் இறுதியில் நியூகாசில் தன் வட்டாரத்துப் பிள்ளை எலியட் ஆண்டர்சனை இப்படித்தான் ஃபாரஸ்டுக்கு விற்றது. கையோடு ஃபாரஸ்டின் கோல்கீப்பர் ஒருவரை வாங்கியது. அதே மாதத்தில் ஆஸ்டன் வில்லா, எவர்ட்டன், செல்சி இடையிலும் இளம் வீரர்கள் கைமாறினார்கள். யாரும் விதியை மீறவில்லை. ஊரின் சொத்தைக் காக்க வந்த விதி, ஊரின் பிள்ளையை விற்றால் கூலி தருகிறது என்பதுதான் விந்தை.

இனி தண்டனை. அபராதம் போதாதா, புள்ளியில் ஏன் கை வைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். பணத்தால் செய்த மீறலுக்குப் பணத்தால் தண்டனை என்றால், பணக்காரனுக்கு அது நுழைவுச்சீட்டின் விலைதான். 2025 ஜூலை 4 அன்று ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபா செல்சிக்கு 3.1 கோடி யூரோ அபராதம் அறிவித்தது. ஒன்பது நாள் கழித்துச் செல்சி கிளப் உலகக் கோப்பையை வென்றது. பரிசுப் பணம் அபராதத்தை விழுங்கி ஏப்பம் விட்டது. இரண்டு ஹோட்டல்களைத் தன் முதலாளியின் இன்னொரு நிறுவனத்துக்கே 7.65 கோடி பவுண்டுக்கு விற்று நஷ்டத்தைக் குறைத்துக்கொண்ட கிளப் அது. பிரீமியர் லீக்கின் விதியில் அதற்குத் தடை இருக்கவில்லை. யூஃபாவின் விதி அத்தகைய விற்பனையை வருமானமாக ஏற்பதில்லை. இடது பையிலிருந்து எடுத்து வலது பையில் போடுவதை ஒரு தராசு எடைபோடுகிறது, இன்னொரு தராசு மறுக்கிறது.

ஆகவே புள்ளியைத் தொட்டால்தான் உறைக்கும். ஆனால் யாருக்கு? எவர்ட்டனின் தீர்ப்பு வந்த அடுத்த ஆட்டத்தில் ரசிகர்கள் லீக்கை ஊழல் என்று சாடும் இளஞ்சிவப்பு அட்டைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். வீரனை வாங்கியது அவர்கள் இல்லை. முதலாளியை மாற்றும் உரிமையும் அவர்களிடம் இல்லை. நிரபராதியைத் தண்டிக்கக் கூடாது என்ற கொள்கையை நேராகப் பொருத்தினால் எந்த அணிக்கும் எந்தத் தண்டனையும் தர முடியாது. புள்ளி என்பது ரசிகனின் உடைமை அல்ல, அணியின் சாதனை. அந்தச் சாதனையில் ஒரு பங்கு வரம்பு மீறிய பணத்தால் வந்தது என்றால், அந்தப் பங்கைக் கழிப்பது திருத்தம். ரசிகனின் வருத்தம் உண்மையானது, அது அநீதியாகிவிடாது. ஒன்று மட்டும் நிபந்தனை: எந்தச் சீசனில் வந்ததோ அந்தச் சீசனிலேயே கழிய வேண்டும். வேறு ஆண்டில் கழித்தால் திருத்தம் என்ற பெயர் அதற்குப் பொருந்தாது, வெறும் பழிவாங்கலாகிவிடும். பயிற்சியாளர் மாறியிருப்பார், ஆட்டக்காரர்கள் மாறியிருப்பார்கள், கீழே தள்ளப்பட்டவன் தள்ளப்பட்டபடியே கிடப்பான்.

அளவும் இடறுகிறது. திவாலான போர்ட்ஸ்மத்துக்குக் கழிந்தது 9 புள்ளி. சம்பளமும் சப்ளையர் பாக்கியும் கொடுத்து வந்த எவர்ட்டனுக்கு முதலில் 10. ஆறாகக் குறைத்த மேல்முறையீட்டுக் குழு, மற்ற இடங்களில் வழங்கப்பட்ட தண்டனைகளோடு ஒப்பிடாமல் விட்டதை ஒரு பிழையாகவே காட்டியது. லெஸ்டர் சிட்டியோ கணக்குக் காலம் முடியும் ஜூன் 30-க்கு முன்பே லீக்கின் உறுப்பினர் பட்டியலிலிருந்து இறங்கிவிட்டதால், லீக்குக்கு விசாரிக்கும் அதிகாரமே இல்லை என்று 2024 செப்டம்பரில் தப்பியது. விதியை எழுதியவர்களின் பேனா சறுக்கிய இடம். அதற்கு லெஸ்டரைப் பழித்துப் பயனில்லை.

இவற்றின் பக்கத்தில் மான்செஸ்டர் சிட்டியின் வழக்கை வைத்துப் பார்க்க வேண்டும். 2023 பிப்ரவரியில் நூறுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள். அவை தொடங்குவது 2009-10 சீசனிலிருந்து. கிளப் அனைத்தையும் மறுக்கிறது. மறுக்கவும், சிறந்த வழக்கறிஞர்களை வைத்து வாதாடவும் அதற்கு முழு உரிமை உண்டு. விசாரணை நடந்தது 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை. முதல் சீசனுக்கும் விசாரணைக்கும் இடையே ஏறத்தாழ பதினைந்து ஆண்டு. யூஃபா 2020-இல் விதித்த இரண்டாண்டுத் தடையை விளையாட்டு நடுவர் மன்றம் ரத்து செய்தபோது, சில குற்றச்சாட்டுகளுக்குக் காலக்கெடு தாண்டிவிட்டதும் ஒரு காரணமாக இருந்தது. குற்றம் உண்டா இல்லையா என்பது ஒருபுறம் இருக்கட்டும். தன் கணக்கை மேசையில் வைத்து ஒப்புக்கொண்ட ஃபாரஸ்டுக்கு இரண்டு மாதத்தில் தீர்ப்பு. மறுத்து நிற்க வசதியுள்ளவனுக்கு ஆண்டுகள். வழக்கின் சிக்கல் அப்படி என்பார்கள், உண்மைதான். ஆனால் சிக்கலை விலைக்கு வாங்க முடிகிற ஊரில், நேர்மையாக ஒப்புக்கொள்பவன் ஏமாளி என்ற பாடத்தை மற்றக் கிளப்புகள் கற்றுக்கொள்ளாமல் இருக்குமா?

2026-27 சீசனிலிருந்து இந்த விதி போய் வேறொன்று வருகிறது. ஒரு கிளப் தன் அணிக்காகச் செலவிடுவது அதன் வருமானத்தில் 85 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். கணக்கு எளிது, அந்தந்தச் சீசனிலேயே பார்த்துவிடலாம். தாமதம் என்ற நோய்க்கு ஓரளவு மருந்து. விரலின் அளவு மட்டும் பழையபடிதான். 71 கோடியின் 85 விழுக்காடும் 15 கோடியின் 85 விழுக்காடும் ஒரே களத்தில் மோதும். அதற்கும் மாற்று ஒன்று மேசையில் இருந்தது: கடைசி இடத்துக் கிளப்புக்கு லீக்கிலிருந்து கிடைக்கும் ஒளிபரப்பு, பொது வருவாய்ப் பங்கு எவ்வளவோ, அதில் ஐந்து மடங்குக்கு மேல் எந்தக் கிளப்பும் அணிக்குச் செலவிடக் கூடாது என்பது. பெரிய விரலுக்கும் ஒரு மோதிர அளவு சொன்ன ஒரே யோசனை அதுதான். 2025 நவம்பர் 21 அன்று இருபது கிளப்புகளும் வாக்களித்தன. நிறைவேறப் பதினான்கு வாக்கு வேண்டும். ஆதரவு 7, எதிர்ப்பு 12, ஒன்று நடுநிலை.