எதைச் சொல்லி அழைப்பது?

கல்லூரி திறந்ததும் மாணவர் தர்ம சங்கங்கள் அறிமுகக் கூட்டம் கூட்டி அங்கத்தினரைச் சேர்ப்பது வழக்கம். அங்கே சான்றிதழைக் காட்டி அழைப்பது முறையா?

நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்து, ஏழு நாள் முகாமும் முடித்தவருக்குச் சான்றிதழ் உண்டு. உழைப்புக்குச் சாட்சி கொடுப்பதில் குற்றமில்லை. ஆனால் அதையே தூண்டில் இரையாக்கினால், வருகிறவன் மணியை எண்ணுவானேயன்றி மனிதனை எண்ணான்.

"ஆசைக்கு வந்தவனும் போகப்போகத் திருந்துவான்" என்பர் சிலர். திருந்தலாம். திருந்தாமல் பாதியில் நின்றுவிட்டால், அவனை நம்பிக் காத்திருந்த ஏழையல்லவா ஏமாறுகிறான்?

1833-ஆம் ஆண்டு பாரீஸில் பிரெடெரிக் ஓசானாம் என்னும் இருபது வயது மாணவரிடம், "உங்கள் திருச்சபை இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறது?" என்ற கேள்வி எழுந்தது. அவரும் விரல்விட்டு எண்ணத்தக்க தோழர்களும் ஏழைகளின் வீடுகளைத் தேடிப் போனார்கள். ரொசாலி ரெந்து என்னும் கன்னியாஸ்திரி வழிகாட்டினார். வின்சென்ட் தே பவுல் சபை இவ்வாறே பிறந்தது. அவர்களை அழைத்தது பரிசன்று, வேலை.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளை நம்பி வடநாட்டிலிருந்து வந்தவர்கள் வாடகை அறைகளில் நெருங்கி வாழ்கிறார்கள். காய்ச்சல் கண்டால் ஆஸ்பத்திரியில் தமிழில் சொல்லத் தெரியாதவர் எத்தனை பேர்! கூட்டம் கூட்டும் மாணவர்களே, இவர்களைப் பற்றி முதலில் பேசுங்கள். வாரந்தோறும் எத்தனை மணி நேரம் தர வேண்டுமென்பதை மறைக்காதீர்கள். சான்றிதழைக் கடைசியில் சொல்லுங்கள். நூறு பேர் கேட்டுப் பத்துப் பேர் நிலைத்தாலும் நஷ்டமில்லை. அந்தப் பத்துப் பேரை ஏழை நம்பலாம்.