ஓய்வுநாளும் மின்விசையும்

யூத சமயத்தில் வெள்ளிக்கிழமைச் சூரியன் மறையும் வேளை முதல் சனிக்கிழமை இரவு விண்மீன்கள் தோன்றும் வரை நீளும் ஓய்வுநாள் சபாத் எனப்படும். கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் வாய்மொழிச் சட்டத் தொகுப்பு, அந்நாளில் விலக்கத்தக்க 39 வகைச் செயல்களை வரையறுக்கிறது. தீ மூட்டுதலும் கட்டுதலும் அவற்றுள் அடங்கும். மின்விசை வழக்கிற்கு வந்தபோது, பொத்தானை அழுத்துவது இவற்றுள் எதனைச் சாரும் என்னும் வினா எழுந்தது. இழை கனன்று ஒளிரும் விளக்கு தீயே எனப் பலர் கொண்டனர். ஹசோன் இஷ் எனப் போற்றப்பட்ட யூதச் சட்ட அறிஞர் அவ்ரஹாம் யெஷாயா கரெலிட்ஸ் (1878–1953), மின்சுற்றை இணைப்பது கட்டுதலுக்கு நிகர் என்றார். மற்றோர் அறிஞரான ஷ்லோமோ சல்மான் அவுர்பாக் அக்கருத்தை மறுத்தாராயினும், நிலைபெற்ற வழக்கத்தை மதித்து விலக்கையே பின்பற்றச் சொன்னார்.

நடைமுறையில், முன்னரே நேரம் குறிக்கப்பட்ட விசை விளக்குகளை இயக்குகிறது; மின்தூக்கி தளந்தோறும் தானே நின்று செல்கிறது; உயிர் காக்கும் தேவை எழுமிடத்துத் தடை விலகுகிறது. ஆகவே இங்கு விலக்கப்படுவது கருவியன்று. அந்நாளில் உலகை மாற்ற முனையும் மனிதச் செயலே. கைப்பேசியின் ஓயாத அழைப்புக்கு ஆட்பட்ட எச்சமூகத்தாருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு: ஆசை எழுந்தபின் அதனோடு போராடுவதினும், எல்லையை முன்கூட்டியே வகுத்து, குடும்பமாகக் கூடி அதைக் காப்பதே நிலைத்த விடுதலையைத் தரும்.