மெதுவாக ஓட்டுபவரின் செருக்கு

பௌத்தம் செருக்கை மூன்றாகப் பிரிக்கிறது. இவனைவிட நான் உயர்ந்தவன் என்பது ஒன்று, இவனுக்கு நான் சமம் என்பது இன்னொன்று, இவனைவிட நான் தாழ்ந்தவன் என்பது மூன்றாவது. முதலாவதைச் செருக்கு என்று ஒப்புக்கொள்ள யாருக்கும் தயக்கம் இருக்காது. மூன்றாவதும் அதே பட்டியலில் இருப்பதுதான் இடறுகிறது. தன்னைத் தாழ்த்திக்கொள்பவரைப் பணிவுள்ளவர் என்று பாராட்டியே நமக்குப் பழக்கம். பாலி நூல்களின் கணக்கு வேறு. அடுத்தவன் பக்கத்தில் தன்னை நிறுத்தி அளந்து பார்ப்பதே கோளாறு. அளந்த பிறகு கூடுதல் வந்ததா குறைவு வந்ததா என்பது இரண்டாம்பட்சம். சோணன் என்ற இல்லறத்தானுக்குச் சொன்னதாக வரும் சுத்தத்தில் (போதனை உரையில்) புத்தர் இன்னும் ஒரு படி போகிறார்: நிலையில்லாத உடலையும் உணர்வையும் ஆதாரமாக வைத்துக்கொண்டு உயர்வு, சமம், தாழ்வு என்று கணக்குப் போடுகிறவர்கள் உள்ளதை உள்ளபடி பார்க்காதவர்கள். கேட்பதற்குத் துறவிகளுக்கான நுட்பம் போலத் தோன்றும். ஆனால் இது உண்மைதானா என்று சோதித்துப் பார்க்க மடாலயத்தைவிடத் தோதான ஓர் இடம் இருக்கிறது: கார்ப் பந்தயத் தடம். அதுவும் பந்தயம் நடக்காத நாளில்.

ட்ராக் டே என்பது, சொந்தக் காரைக் கொண்டுவந்து, கட்டணம் கட்டி, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள். பரிசு கிடையாது, மேடை கிடையாது. பல இடங்களில் லேப் நேரத்தைக் கணக்கிடவே தடை உண்டு. ஜெர்மனியில் ஐஃபெல் மலைப்பகுதியில் 1927-ல் திறக்கப்பட்ட நூர்பர்க்ரிங் தடத்தின் வடக்கு வளையம் கிட்டத்தட்ட 20.8 கிலோமீட்டர் நீளம். பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாட்களில் அது சட்டப்படி ஒருவழிச் சுங்கச்சாலை. நாட்டின் போக்குவரத்து விதிகள் அங்கும் செல்லும். 2018-ல் போர்ஷே 919 ஒன்று இந்த வளையத்தை 5 நிமிடம் 19 வினாடிகளில் சுற்றி வந்தது. இந்தப் பகுதியிலேயே வளர்ந்து, இங்கு நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தை 1996-லும் 1997-லும் வென்றவர் சபீன ஷ்மிட்ஸ். அவர் ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக டீசல் சரக்கு வேனை எடுத்துக்கொண்டு 10 நிமிடத்துக்குள் சுற்றிவிடப் பார்த்தார். சில வினாடிகளில் தவறிப்போனது. நல்ல கார் வைத்திருக்கும் புதியவர்கள் பலருக்கு அந்த வேனின் நேரமே எட்டாது. ஆக, இங்கே யாராவது ஒருவர் பின்னால் வேகமாக வந்துகொண்டேதான் இருப்பார். மெதுவாகப் போகிறவர் வலது ஓரமாகப் போக வேண்டும், இடது பக்கமாக மட்டுமே முந்த வேண்டும் என்பது விதி. வலது இண்டிகேட்டரைப் போட்டால், உன்னைப் பார்த்துவிட்டேன், போ என்று பொருள். அமெரிக்கக் கிளப்புகள் பலவற்றில் இன்னும் நேரடியாக, முன்னால் போகிறவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, எந்தப் பக்கமாக முந்தலாம் என்று காட்ட வேண்டும். அந்தக் கை வெளியே வராதவரை, பின்னால் இருப்பவர் எவ்வளவு பெரிய கெட்டிக்காரராக இருந்தாலும் முந்தக் கூடாது.

இங்கே நடக்கும் தவறுகளைக் கவனித்தால், அந்த மூன்று செருக்குகளும் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். முதல் வகை எல்லா நாட்டுத் தடங்களிலும் அலுத்துப்போன புகார். 500 குதிரைத்திறன் உள்ள காரில் ஒருவர் வருகிறார், வளைவுகளில் தடுமாறுகிறார். பின்னால் மாஸ்டா மியாட்டா போன்ற ஒரு சின்னக் கார் வளைவுக்கு வளைவு நெருங்கி வருகிறது. நேர்ச்சாலை வந்ததும் பெரிய கார் ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பறந்துவிடுகிறது. அடுத்த வளைவில் மறுபடியும் வழியை அடைத்துக்கொள்கிறது. நேர்ச்சாலையில் என்னைப் பிடிக்க முடியாத ஒருவனுக்கு நான் ஏன் வழிவிட வேண்டும் என்பது அவர் வாதம். எஞ்சினின் திறனைத் தன் திறனாக எண்ணிக்கொள்வதில்தான் அவருடைய உயர்வு நிற்கிறது. இரண்டாவது வகைக்காரருக்குக் கண்ணில் படுவது தன் காரைப் போன்ற இன்னொரு கார் மட்டுமே. அவனால் முடிந்தது என்னால் முடியாதா என்று, அவன் பிரேக் பிடிக்கும் இடத்தில் தானும் பிடிப்பார். அவனுடைய டயரின் நிலையும் அவனுடைய பல வருடப் பழக்கமும் அவருக்குத் தெரியாது.

மூன்றாவது வகையை யாரும் திட்டுவதில்லை. அதனால்தான் அது விளக்கப்படாமலே போகிறது. தான் எல்லாருக்கும் இடைஞ்சல் என்ற நினைப்போடு தடத்துக்குள் வருகிறவர் இவர். கண் முழுக்க மிரரில் இருக்கும். பின்னால் ஒரு முகப்புவிளக்கு தெரிந்ததும் பதறிப்போய், வளைவின் நடுவிலேயே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். அந்த நொடியில் காரின் எடை முன்சக்கரங்களுக்குச் சாய்கிறது, பின்சக்கரங்களின் பிடி குறைகிறது, வால் பக்கம் வெளியே வீசுகிறது. சில சமயம் மரியாதையாக ஒதுங்குவதாக நினைத்துக்கொண்டு ரேஸிங் லைனை, அதாவது எல்லாரும் வேகமாகப் போகும் கோட்டை, விட்டு வெளியே போவார். டயர்களிலிருந்து உதிர்ந்த ரப்பர்த் துணுக்குகள் சேர்ந்து கிடப்பது அங்கேதான், பிடிப்பு இருக்காது. போதாததற்கு, அவர் எந்தப் பக்கம் போவார் என்று பின்னால் வருகிறவருக்கும் தெரியாது. பயிற்சியாளர்கள் சொல்லித் தருவது இதற்கு நேர்மாறானது: வழிவிடுகிறவர் தன் கோட்டிலேயே போக வேண்டும், நேர்ச்சாலையில் கையைக் காட்டி, வேகத்தை லேசாகக் குறைத்தால் போதும், கோட்டைவிட்டு விலகிப் போவது முந்துகிறவரின் வேலை. தடத்தில் மெதுவாகப் போவதால் ஆபத்து பெரும்பாலும் வருவதில்லை. அடுத்து என்ன செய்வார் என்று ஊகிக்க முடியாமல் ஓட்டுவதால் வருகிறது. தன்னைத் தாழ்த்திக்கொண்டவரும் தன்னை உயர்த்திக்கொண்டவரும் எதிரெதிர் ஆட்கள் போலத் தெரிந்தாலும், இருவரும் செய்வது ஒன்றே: சாலையைப் பார்க்க வேண்டிய நேரத்தில், பின்னால் வருகிறவனுக்கு முன் தாங்கள் எப்படித் தெரிகிறோம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாலி நூல்கள் மூன்றையும் ஒரே பட்டியலில் வைத்ததற்கு இதைவிடக் கண்கூடான சான்று எனக்குத் தெரியவில்லை. நிலையில்லாததை வைத்துக் கணக்குப் போடுவது பற்றிச் சோணனுக்குச் சொன்னதும் இங்கே பொருந்துகிறது. அரைமணி நேரம் மழை பெய்தால் வரிசை மாறிவிடும். காலையில் வழிகேட்டு வால் பிடித்து வந்த கனமான கார், மதியம் சின்னக் காருக்கு வழிவிட்டுக்கொண்டிருக்கும்.

ஒப்பிடாமல் யார் எதைக் கற்றுக்கொண்டார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தன்னைவிட வேகமானவர் முந்திப் போன பிறகு, அவர் பின்னால் கொஞ்ச தூரம் போய் அவர் எங்கே திருப்புகிறார் என்று பார்ப்பதைப் போன்ற பாடம் இல்லை. ஆனால் அங்கே ஒப்பிடப்படுவது பிரேக் பிடிக்கும் இடம், திருப்பும் புள்ளி, வளைவைவிட்டு வெளியேறும் வேகம். ஆளோடு ஆளை அங்கே யாரும் அளப்பதில்லை. அவன் என்னைவிட இருபது மீட்டர் தள்ளிப் பிரேக் பிடிக்கிறான் என்பது தகவல். அதனால் நான் மட்டம் என்பதில் தகவல் ஏதுமில்லை. அதை எடுத்துவிட்டாலும் பாடம் முழுதாக மிஞ்சும். இன்னும் சொன்னால், வழிவிட மறுக்கிறவருக்குத்தான் இந்தப் பாடம் கிடைக்காமல் போகிறது. பணக்காரர்கள் பெட்ரோலை எரிக்கும் பொழுதுபோக்கில் தத்துவம் எதற்கு என்ற முணுமுணுப்பும் எழும். பெட்ரோல் எரிவது உண்மை. ஆனால் மனத்தின் போக்கைப் பார்க்க உயர்ந்த காரியமாகத்தான் தேட வேண்டும் என்று கட்டாயமில்லை. எந்தப் பயனும் இல்லாத இடத்தில் செருக்கு மறைந்துகொள்ளச் சாக்கும் இருக்காது.

இவற்றைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. தமிழில் எழுதும்போது அதைத் தாண்டிப் போக முடியாது. மெதுவானவன் தன் கோட்டிலேயே இருக்கட்டும், வேகமானவனுக்கு வழிவிடட்டும், அதற்காக வருந்தவும் வேண்டாம் என்றால், அவரவர் இடத்தில் அவரவர் திருப்தியாக இருங்கள் என்று காலங்காலமாகக் கீழே இருப்பவர்களுக்குச் சொல்லப்பட்ட உபதேசம்தானே இது? பிறர் கடமையைச் சிறப்பாகச் செய்வதைவிடத் தன் கடமையைக் குறையோடு செய்வதே மேல் என்ற கீதையின் கருத்து இந்த நாட்டில் எதற்கெல்லாம் பயன்பட்டது என்பது தெரிந்த கதை. தடத்தில் நடப்பதை அப்படியே சமூகத்துக்கு எடுத்துப்போவதை நானும் ஏற்கமாட்டேன். தடத்துக்கு வந்தவர் தானாக வந்தவர். மாலையில் வீட்டுக்குப் போய்விடுவார். ஓட்டுநர்களை அனுபவப்படி குழுக்களாகப் பிரித்திருப்பார்கள், பழகப் பழக அடுத்த குழுவுக்கு ஏறலாம். யாருடைய பிறப்பும் யாருடைய குழுவையும் தீர்மானிப்பதில்லை. மெதுவானவரும் அதே கட்டணத்தைத்தான் கட்டியிருக்கிறார். தார் அவருக்கும் சொந்தம். எல்லாவற்றுக்கும் மேலாக, முந்த அனுமதி தரும் அதிகாரம் முன்னால் இருப்பவர் கையில். அனுமதி கிடைத்த பிறகும் பத்திரமாக முந்தும் பொறுப்பு பின்னால் இருப்பவர் தலையில். ஹாரன் அடித்து, விளக்கைச் சிமிட்டி, ஒட்டிக்கொண்டு வந்து பயமுறுத்துகிறவரைத் தடத்தின் மார்ஷல் கொடிகாட்டி உள்ளே அழைப்பார். சாதி ஒழுங்கு இதில் ஒன்றையாவது கீழே இருந்தவருக்குக் கொடுத்ததா? கொடுக்காத இடத்தில் வழிவிடச் சொல்வது வேறு விஷயம். அங்கே வேண்டியது வழியை மறிப்பதாகவும் இருக்கலாம். ஆனால் அப்படி மறிக்கிறவருக்கும் தாழ்வு நினைப்பு உதவாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

சரி, ஒரு வாரயிறுதி ஓட்டுநர் இப்படி அளந்து பார்ப்பதை எந்த அளவுக்கு விட்டுவிட முடியும்? அதிகம் எதிர்பார்க்க வேண்டியதில்லை. கேமகர் என்ற பிக்கு நோயுற்றுக் கிடந்தபோது மூத்த பிக்குகளுக்குச் சொன்னதாக ஒரு சுத்தம் இருக்கிறது. உடலையோ உணர்வையோ நான் என்று எண்ணுவதை அவர் விட்டாயிற்று. ஆனாலும் நான் என்ற நினைப்பு முழுதாகப் போகவில்லை, துவைத்த துணியில் உவர்மண்ணின் வாசனை தங்குவதைப் போல, என்றார். செருக்கு என்பது கடைசிக் கட்டத்தில் மட்டுமே அறுபடும் தளைகளில் ஒன்று என்பதே தேரவாத மரபின் முடிவு. ட்ராக் டே விதிகளை எழுதியவர்கள் இந்த நூல்களைப் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. மனிதர்களை அவர்களும் சரியாகத்தான் எடைபோட்டிருக்கிறார்கள். காலையில் நடக்கும் விளக்கக் கூட்டத்தில் பொறாமைப்படாதீர்கள் என்றோ கூச்சப்படாதீர்கள் என்றோ யாரும் சொல்வதில்லை. நேர்ச்சாலை வந்ததும் கையை வெளியே நீட்டி, முந்த வேண்டிய பக்கத்தைத் தெளிவாகக் காட்டுங்கள், பின்னால் ஐந்து கார் இருந்தால் ஐந்து முறை காட்டுங்கள் என்றுதான் சொல்கிறார்கள்.