கவுன்ட்டருக்குப் பின்னால் இருக்கும் பொறுமை

கடையில் நின்று விற்பவர் வாடிக்கையாளரின் ஏச்சைப் பொறுத்துக்கொள்வது அறத்தில் சேருமா, சம்பளத்தில் சேருமா? இந்தக் கேள்வியைக் கேட்கத் திருச்சி பொருத்தமான ஊர். மலைக்கோட்டை அடிவாரத்தில் என்.எஸ்.பி. ரோடு, பெரிய கடை வீதி, சின்னக் கடை வீதி என்று ஜவுளியும் நகையும் பாத்திரமும் விற்கும் தெருக்கள் இருக்கின்றன. காவிரியைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். பிறர் செய்யும் குற்றத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்று தலைமுறை தலைமுறையாக யோசித்த ஆசாரியர்கள் வாழ்ந்த ஊர் அது.

ஆடித் தள்ளுபடி நாட்களிலும் தீபாவளி நெருக்கடியிலும் 'கஷ்டமான கஸ்டமர்' என்று சொல்லப்படுபவர் ஒரே வகை ஆள் அல்லர். அலமாரியில் பாதியை விரிக்கச் சொல்லிவிட்டு, "பாத்துட்டு வர்றோம்மா" என்று எழுந்துபோகிறவர் உண்டு. காலையில் போணி ஆகாத நேரமென்றால் கடைக்கு அது இரட்டிப்பு எரிச்சல். ஆனாலும் பார்த்துவிட்டு வாங்காமல் போவதில் குற்றம் எதுவும் இல்லை. சாயம் போன புடவையைத் திருப்பிக் கொண்டுவருகிறவர் வேறு வகை. விற்ற பொருள் வாபஸ் இல்லை என்று பில்லில் அச்சடித்திருந்தாலும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாள் வரை அவருக்கு உரிமை உண்டு. ஆகவே சத்தம் போடுகிறவர்களில் சிலர் நியாயத்தோடுதான் போடுகிறார்கள். கோளாறு என்னவென்றால், அந்தச் சத்தத்தைக் கேட்பவர் விதியை எழுதியவர் அல்லர். மாதச் சம்பளத்துக்கு நிற்கும் ஒரு பெண். விலை ஒட்டிய பொருளுக்குப் பேரம் படியாமல், அவளுடைய படிப்பையும் ஊரையும் இழுத்துப் பேசுகிறவர்தான் உண்மையில் கஷ்டமானவர். அவள் அதையும் கேட்டுக்கொண்டு, "வேற டிசைன் காட்டட்டுமா சார்?" என்கிறாள்.

இந்தப் பொறுமைக்கு வள்ளுவர் என்ன மதிப்பெண் போடுவார்? பொறையுடைமை அதிகாரத்தை மட்டும் படித்தால் நிறையப் போடுவார் என்று தோன்றும். வெகுளாமை அதிகாரம் முதல் குறளிலேயே கணக்கை மாற்றிவிடுகிறது. கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அதை அடக்குபவனே கோபத்தைக் காப்பவன், செல்லுபடியாகாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்று அது கேட்கிறது. எளியவரைச் செல்லிடமாகவும் வலியவரை அல்லிடமாகவும் கொள்வது உரை மரபு. வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொள்ளும் விற்பனைப் பெண்ணுக்கு வாடிக்கையாளர் அல்லிடம். அவளுடைய அடக்கத்துக்கு இந்தக் குறள் புகழ் எதுவும் தரவில்லை. வாடிக்கையாளருக்கோ அவள் அசல் செல்லிடம்: திருப்பிப் பேச முடியாதவள், பெயர் சட்டையில் குத்தியிருப்பதால் புகார் எழுத வசதியானவள். வெகுளாமை என்ற அறம் கவுன்ட்டரின் வெளிப்புறத்தில் நிற்பவருக்குத்தான் முதலில் விதிக்கப்பட்டிருக்கிறது. இந்த அதிகாரத்தின் அடியில் இப்படி ஒரு பொருள் கிடப்பதைக் கடைப் பயிற்சி வகுப்புகளில் எடுத்துச் சொல்வதில்லை.

வகுப்பில் சொல்லப்படுவது வேறு. வாடிக்கையாளரே தெய்வம் என்கிறார்கள். வாடிக்கையாளர் நமது வளாகத்துக்கு வரும் மிக முக்கியமான விருந்தினர் என்ற பொருளில் காந்தி பெயரோடு ஒரு வாசகம் வங்கிகளிலும் கடைகளிலும் சட்டமிட்டுத் தொங்கும். 1890 இல் தென்னாப்பிரிக்காவில் பேசியது என்று சிலவற்றில் ஆண்டும் போட்டிருப்பார்கள். அந்த ஆண்டு காந்தி லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். தென்னாப்பிரிக்காவுக்குப் போனது 1893 இல்.

வாடிக்கையாளர் தெய்வம் என்பதை ஸ்ரீரங்கத்துத் தத்துவம் பாதி ஒப்புக்கொள்ளும். எல்லா உயிரும் இறைவனின் சரீரம் என்பது இராமானுசரின் கொள்கை. அப்படியானால் புடவை விரிப்பவளும் அந்தச் சரீரத்தில்தான் இருக்கிறாள். தமது வேதார்த்த சங்கிரகம் என்ற நூலின் முடிவில் இராமானுசர் ஓர் ஆட்சேபத்தை எடுத்துக்கொள்கிறார். பிறருக்கு வசப்பட்டிருப்பது துன்பம், ஊழியம் நாய்ப்பிழைப்பு என்று மனுஸ்மிருதி சொல்லும்போது, இறைவனுக்கு அடிமையாயிருப்பது எப்படி இன்பமாகும்? ஊழியம் பெறத் தகுதியில்லாதவருக்குச் செய்வதைத்தான் அந்தப் பழிப்பு குறிக்கிறது என்பது அவர் விடை. இதன்படி, உயிரின் அடிமைத்தனத்துக்கு உரிமை கோரத் தகுந்தவன் ஒருவனே. பணம் கொடுத்துப் புடவை வாங்குகிறவர் புடவைக்கு மட்டுமே உரிமையாளர்.

ஸ்ரீரங்கத்தில் பொறுமைக்குச் சான்றாகச் சொல்லப்படும் கதை நம்பிள்ளை என்ற ஆசாரியருடையது. பெருமாள் சன்னிதியில், பலர் முன்னிலையில், இராமானுசரின் சீடர் முதலியாண்டான் வழிவந்த கந்தாடைத் தோழப்பர் அவரைக் கடுமையாக ஏசினார். நம்பிள்ளை மறுசொல் சொல்லாமல் வீடு திரும்பினார். மனைவி இடித்துரைத்ததும் தோழப்பர் மனம் வருந்தி, மன்னிப்புக் கேட்கப் புறப்பட்டுக் கதவைத் திறந்தால், வாசலில் நம்பிள்ளை காத்திருந்தார்: ஆண்டான் வம்சத்தவர் கோபிக்கும்படி தாம் நடந்துவிட்டதற்குப் பொறுத்தருள வேண்டும் என்று. அன்று தோழப்பர் இட்ட பெயர்தான் லோகாசாரியர். இக்கதையில் கவனிக்க வேண்டியது, நம்பிள்ளை பெரிய சீடர் கூட்டம் உடையவர் என்பது. அவர் கோபித்திருந்தால் அந்தக் கோபம் செல்லுபடியாகியிருக்கும். குறளின் அளவுகோலில் இது முழு மதிப்பெண் பெறும் பொறுமை.

அந்தப் பெயரைத் தாங்கிய பிள்ளை லோகாசாரியர், தமது ஸ்ரீவசன பூஷணத்தில், தனக்குக் குற்றம் செய்தவனிடம் ஒருவருக்கு வரவேண்டிய மனநிலைகளாக ஐந்தைச் சொல்கிறார்: பொறுமை, இரக்கம், சிரிப்பு, மகிழ்ச்சி, நன்றி. முதல் இரண்டு எந்தச் சமயத்திலும் கிடைக்கும். கல்யாண ஜவுளிக்குக் கடன் வாங்கி வந்த தகப்பன் விலையைப் பார்த்துக் கத்தும்போது, அனுபவமுள்ள விற்பனையாளருக்கு இரக்கம் தானாகவே வந்துவிடும். சிரிப்புதான் அபூர்வமான சேர்க்கை. ஏசுகிறவன் தன் ஆன்மாவைத் தொட முடியாமல் வெறும் உடம்போடு மல்லுக்கட்டுகிறானே என்று தோன்றுவதால் வரும் சிரிப்பு அது. சாப்பாட்டு நேரத்தில் காலைக் கஸ்டமரைப் போலவே பேசிக்காட்டித் தோழிகளைச் சிரிக்க வைக்கும் பெண்ணின் சிரிப்பு இவ்வளவு உயரமில்லை. ஆனாலும் வசை தன்மேல் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும் அளவில் அதற்கு இது தூரத்து உறவு. நன்றி இன்னும் கடினம். தன் குறையைச் சுட்டிக் காட்டினான் என்று ஏசினவனுக்கு நன்றி பாராட்டுவது சரணாகதி அடைந்தவரின் பயிற்சி.

அதனாலேயே இந்த ஐந்தும் ஒருவர் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ள வேண்டியவை. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் ஊழியரைப் பார்த்து, "ஏசினா நன்றியோட வாங்கிக்கோ" என்று சொன்னால் வாக்கியம் அதேதான், உபதேசம் காணாமல் போய்விடும். ஊழியரும் முதலாளிக்குச் செல்லிடம்தான். முதலாளி செய்ய வேண்டியவை வேறு: திருப்பி எடுக்கும் விதியைச் சட்டப்படி வைப்பது, வசை எல்லை மீறும்போது சூப்பர்வைசரைக் குறுக்கே வரச் செய்வது, புகார் வந்தால் இரு தரப்பையும் கேட்பது.

ஊழியர் உட்காரும் விஷயத்தை முதலாளியிடம் விடாமல் சட்டமே குறுக்கே வந்தது. கேரளம் 2018 இல் உட்காரும் உரிமையைக் கொண்டுவந்ததைத் தொடர்ந்து, தமிழ்நாடு 2021 இல் தனது 1947 ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்தது. வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள எல்லா ஊழியருக்கும் இருக்கை வைக்க வேண்டும் என்கிறது அது. நாள் முழுக்க நின்ற காலோடு மாலைக் கூட்டத்தின் ஏச்சையும் கேட்பவரிடம் எதிர்பார்க்கப்பட்ட பொறுமையில் எவ்வளவு வெறும் கால்வலி என்று அந்தப் பிரிவு யோசிக்க வைக்கிறது.